மங்கலத்தம்மாளின் கல்யாணப் பட்டு

மாடம்மாளுக்கு மறதி என்கிற கொடுப்பினை ஒருநாளும் வாய்த்ததில்லை. வாய்த்திருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் கிள்ளிப்பாலத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய அந்தக் காலனியில் இத்தனை பெண்பிள்ளைகள் சடங்கு நாற்காலியில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒருத்தி வைத்திருந்த வஞ்சத்தால் ஒரு காலனியே நன்றாக உடுத்தியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நடந்தது அதுதான்.

பணகுடிப் பக்கம் அவளுக்குச் சொந்த ஊர். அப்பா கொத்து வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தபோது பின்னாலேயே வந்த குடும்பம். அம்மா வலியசாலையில் கணக்கர் சிவதாணு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டு அம்மாள் பெயர் மங்கலம். நாஞ்சில் நாட்டுக் குடும்பம். வசதி, வாய், இரண்டுக்கும் குறைவில்லை. ஒரே மகள் அஞ்சு, மாடம்மாளுக்கு ஒத்த வயசு.

மாடம்மாள் பெரிய மனுஷியானாள். தாய்மாமன் என்று ஒருவன் ஊரில் இருக்கத்தான் செய்தான். சீர் கொண்டுவர வேண்டுமே என்ற பயத்தில் ஆள் தலைமறைவாகிவிட்டான். சடங்குக்குக் கோடி வேண்டும். கோடி என்றால் யார் உடம்பிலும் படாத புதுத்துணி. மூலையில் மஞ்சள் தடவி, மாமன் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பது. கூழோ கஞ்சியோ, அந்த ஒருநாள் மட்டும் பெண்ணுக்குப் புதுசு உடுத்தாமல் எந்த வீடும் விடுவதில்லை. மாடம்மாளின் அம்மா பாத்திரத்தோடு சேர்ந்து கண்ணையும் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மங்கலத்துக்கு மனம் இளகியது. உள்ளே போய் ஒரு பட்டுப் பாவாடையை எடுத்துவந்து நீட்டினாள். அரக்கு நிறம், மாங்காய்க் கரை. தன் கல்யாணப் பட்டுக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று அதே நிறத்தில் அதே கரையில் அஞ்சுவுக்கு எடுத்தது. அஞ்சு மடமடவென்று வளர்ந்துவிட்டதால் அலமாரியில் கிடந்தது.

அம்மா அதைத் துவைத்துக் காயப்போட்டு, மூலையில் மஞ்சள் தடவி, மாமன் கொடுத்துவிட்டதாகக் காலனி முழுக்கச் சொல்லிவைத்தாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

பட்டுப் புடவை இரவல் கொடுத்தவள் பாயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாளாம் என்று ஒரு பேச்சு உண்டு. மங்கலம் அந்த ரகம். பெரிய மனசு பண்ணி மகளையும் கூட்டிக்கொண்டு சடங்குக்கு வந்தாள். வந்த பிள்ளை, நாற்காலியில் இருந்த மாடம்மாளைப் பார்த்ததும், தன்னுடையதுதானே என்று பள்ளிக்கூட மலையாளத்தில் உரக்கக் கேட்டது.

“அம்மா, இது என்டெ பாவாடையல்லே!”

மங்கலம் சிரித்தாள். “பின்னே? உன்னோடதுதான். இந்தா பாரு, தீபாவளிக்கு மத்தாப்புப் பொறி விழுந்த ஓட்டை” என்று குனிந்து, மாடம்மாளின் காலடியில் பாவாடை ஓரத்தை விரலால் திருப்பி, அந்த ஓட்டையைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எறும்பை மிதிக்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணமா இருக்கிறது? குலவை போட வாயைக் குவித்திருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கூடத்தின் பின்வாசல் வழியாகப் போனதை மாடம்மாள் பார்த்தாள்.

அன்றிலிருந்து காலனியில் அவள் பெயர் மத்தாப்பு. பள்ளிக்கூடத்தில் மத்தாப்பு, தண்ணீர்க் குழாயடியில் மத்தாப்பு. தம்பானூர் ஓட்டலில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற தங்கபாண்டியைக் கட்டிக்கொண்ட அன்றுகூட, யாரோ ஒரு கிழவி மாப்பிள்ளையின் காதில் அந்தப் பெயரை ஓதிவிட்டுத்தான் போனாள். பாவாடையை மாடம்மாள் மறுபடி உடுத்தவில்லை. எறியவும் இல்லை. தகரப்பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். மங்கலத்தை ஒருநாள் இதேபோல் ஊர் நடுவே குனியவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சின்னப்பிள்ளைக் கோபம் பால்பல் மாதிரி விழுந்துவிடும் என்பார்கள். அவளுக்கு விழவில்லை.

தையல் படித்தாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டு, ஓரம் அடிப்பது, ஜாக்கெட் பிரிப்பது என்று கையை ஓட்டினாள். வீட்டு வாசலில் கூவிக்கொண்டு வந்து பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் மாற்றிப் போகிறவர்கள் உண்டல்லவா? அப்படிப்பட்டவள்தான் பிச்சைக்கனி. அவள் மூட்டையில் வலியசாலை, கோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளின் கிழிந்த பட்டெல்லாம் வரும். மடிப்பில் இற்றுப்போயிருக்கும், ஆனால் கரை கல்லாக இருக்கும். மாடம்மாள் அவற்றைக் கேட்டு வாங்கினாள்.

காலனிப் பெண்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பழந்துணி வீட்டில் உடுத்தலாம், வேலைக்குப் போகையில் உடுத்தலாம், சடங்குக்கு ஆகாது. அந்தப் பேச்சு அவளுக்குத் தெரியாததா? அந்தப் பேச்சால்தானே அவள் அம்மா பொய் சொன்னாள். ஆகவே மாடம்மாள் தன் வழியில் ஒரு சாஸ்திரம் கட்டினாள். பழைய துணியைக் கடைசி நூல்வரை பிரிக்க வேண்டும். சாயம் இறக்கி வேறு சாயம் ஏற்ற வேண்டும். உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, புதுக் காடாத் துணியோடு சேர்த்து, புது வெட்டில் தைக்க வேண்டும். பெற்ற தாயே எதிரில் வந்தாலும் அடையாளம் தெரியக்கூடாது. அப்புறம் ஆற்றங்கரை அம்மன் காலடியில் ஒருநாள் வைத்து, மூலையில் மஞ்சள் தடவினால் அது கோடி. “பிரிச்சுத் தச்சா அது மறுபிறவி. போன பிறவில யாரு வீட்ல இருந்துச்சுன்னு எவளாவது கேப்பாளா?” என்று ஒரே போடாகப் போட்டாள்.

அந்தச் சாஸ்திரம் எடுபட்டது. பிள்ளைகளிடம் அவள் போனை நீட்டச் சொல்வாள். எந்த நடிகை எந்தக் கல்யாணத்தில் என்ன போட்டிருந்தாளோ, அதை அவர்கள் காட்டுவார்கள். அதே கைவெட்டு, அதே கழுத்து, கிழிந்த பட்டிலிருந்து எழுந்து வரும். மாமன் அதைத் தாம்பாளத்தில் வைத்துத் தலைநிமிர்ந்து கொண்டுவருவான். கூலிக்குப் பதில் அவரவர் வீட்டுப் பழந்துணியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். துணி எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறார்கள். கசக்கிக் கட்டிவிடலாம். கந்தை யாருடையது என்று ஊர் கூவினால் அதை எந்தச் சோப்புப் போட்டுக் கசக்குவது?

இந்த நிலையில்தான் போன வருஷம் ஒரு கார் வந்து பாலத்தடியில் நின்றது. இறங்கியவள் அஞ்சு. கதர்ப் புடவை, காதில் மரத் தோடு. நகரத்தில் அவளுக்கு ஒரு துணிக்கடை. பழைய துணியைப் புதுசாக்கி, பூமியைக் காப்பாற்றி, புதுத்துணியைவிட அதிக விலைக்கு விற்கிற கடை. மாடம்மாளின் வேலையை யார் வழியாகவோ கேள்விப்பட்டிருந்தாள். அவளை இன்னாரென்று அஞ்சுவுக்கு அடையாளம் தெரியவில்லை. மாடம்மாளுக்குக் காரின் கதவு திறந்தபோதே தெரிந்துவிட்டது.

“சேச்சி, இது எந்தொரு வொர்க் ஆணு! அடிபொளி!” என்று அஞ்சு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் திட்டத்தைச் சொன்னாள். பெரிய வீடுகளிலிருந்து ஆளுக்கொரு கல்யாணப் பட்டு வாங்குவது, மாடம்மாள் அதை மாற்றித் தைப்பது, காலனிப் பெண்ணொருத்தி சடங்கில் உடுத்துவது. உடையில் ஒரு அட்டை தொங்கும்; இன்னார் தன் கல்யாணத்தில் கட்டியது, இன்னாருக்குக் கொடுத்தது என்று அதில் இருக்கும். கொடுத்தவரும் வாங்கியவளும் சேர்ந்து நின்று வீடியோ. கூடத்து வாடகையும் சாப்பாடும் கடை பார்த்துக்கொள்ளும். முதல் பட்டு தன் அம்மாவுடையது.

“பேரு எதுக்கும்மா? அதெல்லாம் வேண்டாம்” என்றாள் மாடம்மாள்.

“மறைக்கறது எந்தினா சேச்சி? பழசு உடுத்தறது ஒரு அபிமானமல்லே!”

அலமாரி நிறையப் புதுசு தொங்குகிறவளுக்குப் பழசு உடுத்துவது பெருமைதான். மாடம்மாள் எழுந்து அவளை வெளியே அனுப்பியிருப்பாள். ஆனால் முதல் பட்டு மங்கலத்துடையது என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. உள்ளே தகரப்பெட்டி இருக்கிற மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “சரிம்மா. அட்டை கிட்டையெல்லாம் வேண்டாம். நான் தச்சு உடுத்தி விடுதேன். ஒங்கம்மாவே வந்து எது அவங்க பட்டுன்னு கண்டுபிடிக்கட்டும். வீடியோவுக்கும் நல்லாருக்கும்.”

அஞ்சு துள்ளிவிட்டாள். அப்போதே அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மங்கலத்தின் குரல் கொஞ்சம்கூட மாறாமல் வந்தது. “கண்டுபிடிக்கதா? கண்ணக் கட்டி விட்டாலும் தொட்டுச் சொல்லுவேம்ட்டி. என் பட்டு எனக்குத் தெரியாதா?”

முதல் சடங்கு இசக்கியின் மகளுக்கு. இசக்கி கட்டட வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை. மகள் சாய்ஸ்ரீயை எல்லாரும் சாய் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், மூக்கின் நுனியில் கோபம் என்று வளர்ந்த பிள்ளை. வகுப்புத் தோழிகள் மொத்தப் பேரையும் அழைத்துவிட்டாள். கூடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அஞ்சு ஏற்பாடு செய்கிறாள் என்றதும் இசக்கி கையெடுத்துக் கும்பிட்டாள். பந்தயம் என்னவென்று தெரிந்த அன்று அதே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏ மதினி, ஒன் பழிக்கு எம்புள்ள சடங்குதான் கெடச்சுதா? அந்தம்மா கண்டுபிடிச்சிட்டான்னா எம்புள்ள அந்தப் பள்ளிக்கூடத்துல எப்படிக் காலு வைப்பா? ஒனக்கு மத்தாப்புன்னு வச்ச மாதிரி அவளுக்கும் ஒரு பேரு வச்சிருவாளுவ. நெனச்சுப் பாத்தியா நீ?”

நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. பழி என்று வந்தால் மாடம்மாளுக்கு மற்றதெல்லாம் மங்கிவிடும். இசக்கியின் முகத்தில் அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “கண்டுபிடிக்க மாட்டாட்டி. அம்மன் மேல சத்தியம்” என்றாள். இசக்கி நம்பியும் நம்பாமலும் போனாள். இனி ஏற்பாட்டை நிறுத்தவும் வழியில்லை; பத்திரிகை அடித்தாயிற்று.

மங்கலத்தின் பட்டு வந்தது. அரக்கில் மாங்காய்க் கரை, அதேதான். இத்தனை வருஷம் வெறுத்த நிறம் மடியில் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்து நாராகக் கிழித்துப் போட்டால் என்ன என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்தத் துணியை அவள் தைத்த மாதிரி தன் வாழ்நாளில் வேறெதையும் தைத்ததில்லை. அரக்கை இறக்கி மயில்கழுத்து நிறம் ஏற்றினாள். இற்ற மடிப்புகளை வெட்டித் தள்ளி, நல்ல உடலை மட்டும் உள்பக்கம் திருப்பி, சாய் போனில் காட்டிய அகலப் பாவாடையாக விரித்தாள். ஊரறிந்த அந்த மாங்காய்களைத்தான் என்ன செய்வது? கரையை நீளவாக்கில் இரண்டாக அரிந்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டவைத்தாள். மாங்காய் போய், கிளிகள் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் ஒரு வரிசை வந்தது. பார்த்த இசக்கி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் மாடம்மாள் தகரப்பெட்டியைத் திறந்தாள். மத்தாப்பு பட்ட அந்தப் பழைய பாவாடையை எடுத்து, ஒரு பருத்திப் புடவைக்கு முந்தியாக வைத்துத் தைத்தாள். சாயம் மாற்றவில்லை, கரை மாற்றவில்லை. தன் சாஸ்திரத்தைத் தானே மீறி அவள் தைத்த ஒரே துணி அது. ஓட்டையை மட்டும் உள்மடிப்பில் மறைத்து, சுற்றிலும் மஞ்சள் நூலால் கட்டினாள். அது தனக்கு.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. சாயின் மாமன் லிங்கராஜ் தாம்பாளத்தோடு வந்தான், குலவை கூடத்தைத் தூக்கியது. மயில்கழுத்துப் பாவாடையில் சாய் வந்து உட்கார்ந்ததும் தோழிகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். “எடீ, இது எவிடெந்து வாங்கிச்சு?” என்று ஒருத்தி கேட்க, “மாமன் தந்தது” என்று சாய் மிதப்பாகச் சொன்னாள்.

மங்கலம் வந்தாள். தலை நரைத்திருந்தது, நடையில் தளர்ச்சி. வாய் அப்படியே இருந்தது. அஞ்சு போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினாள். நடந்ததெல்லாம் தெரிந்தவள்போல் மங்கலம் நேரே சாயிடம்தான் போனாள். குனிந்தாள். பாவாடை ஓரத்தை விரலால் திருப்பினாள். இசக்கி சந்தனக் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது இல்லட்டி. இது ஏதோ கடையில எடுத்த புதுசு” என்று மங்கலம் நிமிர்ந்தாள். “நல்லாருக்கு பிள்ளே” என்று சாயின் கன்னத்தையும் தட்டினாள்.

அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தேடினாள். இவள் ஜாக்கெட், அவள் தாவணி. எதுவும் இல்லை. கூட்டத்தில் சிரிப்பு எழத் தொடங்கியது. மங்கலத்தின் நெற்றி வியர்த்தது. அப்போதுதான் சோறு பரிமாறுகிற பக்கம் நின்ற மாடம்மாளின் தோளில் அரக்கு நிறம் தெரிந்தது. மாங்காய்க் கரை. மங்கலம் எட்டிப்போய் முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

“இதுதான்! சொன்னேம்லா! என் கல்யாணப் பட்டு! எங்க கொண்டு ஒளிச்சாலும் எனக்குத் தெரியாதா?”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. ஒங்களோடதுதானா?”

“சத்தியமா என்னோடது!”

“அப்ப உள்மடிப்பத் திருப்பிப் பாருங்க.”

மங்கலம் திருப்பினாள். மஞ்சள் நூல் வளையத்துக்குள் கருகிய ஓட்டை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைக் கையில் பிடித்திருந்த அஞ்சுவுக்கு விளங்கியது. அவள் முகம் வெளுத்தது. அன்று சொன்ன அதே சொல் வாயிலிருந்து வந்தது, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“அம்மா... இது என்டெ பாவாடையல்லே.”

மங்கலம் ஓட்டையைப் பார்த்தாள், மாடம்மாளைப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்தவளின் மகள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தியை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ அம்மயுடெ பட்டு எவிடெ, சேச்சி?” என்று அஞ்சு கேட்டாள். போனை இறக்க மறந்திருந்தாள்.

கூடமே காத்திருந்தது. மாடம்மாளின் நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. நீ தொட்டுப் பார்த்து, கடையில் எடுத்த புதுசு என்று சொன்னாயே, அதுதான் உன் பட்டு. இதை மட்டும் சொன்னால் போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுச் சொல்வேன் என்றவள் அந்த இடத்திலேயே செத்துப்போவாள். எத்தனை வருஷம் காத்திருந்த சொல்! ஆனால் கூட்டத்தின் அந்தப் பக்கம் சாய் உட்கார்ந்து, கிளிக்கரையைத் தடவித்தடவித் தோழிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். இசக்கி, வேண்டாம் மதினி என்று கண்ணால் மட்டும் கெஞ்சினாள்.

மாடம்மாள் அந்தச் சொல்லை விழுங்கினாள். நெஞ்சு எரிய விழுங்கினாள். விழுங்கிவிட்டு, வேறொன்றைத் துப்பினாள்.

“அதா? அது எதுக்கும் ஆகலம்மா. தொட்ட எடமெல்லாம் இத்துப்போயிருந்துச்சு. கிழிச்சுத் தரை தொடைக்கப் போட்டுட்டேன்.”

“என் கல்யாணப் பட்டையா?” மங்கலத்தின் குரல் உடைந்தது. “தரை தொடைக்கவா?”

“குடுத்தாச்சுல்லாம்மா. அப்புறமும் என்னத்துக்குப் பின்னாலயே வாரீங்க?”

அஞ்சு போனை அணைத்தாள். அந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது. பெரிய வீட்டுப் பட்டு எதுவும் அதற்கப்புறம் காரில் வந்து இறங்கவில்லை. தானமாகக் கொடுத்த பட்டைத் தரைத்துணியாக்கிய திமிர் பிடித்தவள் என்று வலியசாலைப் பக்கம் மாடம்மாளுக்கு இப்போது வேறு பெயர். அதை அவள் சந்தோஷமாகவே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாப்பிடாமல் மங்கலம் வெளியேறினாள். அஞ்சு கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வாசற்படிக்குப் பக்கத்தில் யாரோ பாயசத்தைக் கொட்டி, ஈரத்துணியால் துடைத்து, துணியை அங்கேயே போட்டிருந்தார்கள். அழுக்கேறி, நிறம் தெரியாமல் சுருண்டு கிடந்தது. மங்கலம் அதைத் தாண்டப் போனவள், நின்றாள். அஞ்சு இழுக்க இழுக்கக் குனிந்தாள். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஈரத்துணியின் ஓரத்தை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

அது மாடம்மாளின் புருஷன் தங்கபாண்டியின் பழைய கைலி.